எஸ்.சி.ஆர். மேல பழி போடாதீங்க!



"அண்ணா, எஸ்.சி.ஆர். போயிடுச்சு... வேற ஒண்ணு குடுங்கண்ணா!"

எந்த காலேஜ் பவர் எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல வேணும்னாலும் ஒரு மத்தியானம் நின்னு பாருங்க. மூணு மணி நேரத்துல இந்த டயலாக் நாலு தடவையாவது காதுல விழும். லேப் அசிஸ்டென்ட் அண்ணா டப்பாவைத் திறப்பார். புதுசு ஒண்ணு கை மாறும். அதை மாட்டினாலும் பல்பு எரியாது, இல்லைன்னா அணையாது. மணி நாலாகும். சீனியரோட பழைய ரெக்கார்டு எங்கிருந்தோ வரும். அதுல இருக்கிற அழகான வேவ்ஃபார்ம் அப்படியே நம்ம அப்சர்வேஷன் நோட்டுல வந்து உட்கார்ந்துக்கும். சுபம்!

இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது அந்த எஸ்.சி.ஆர்.தான். நிஜத்துல அது கெட்டுப்போறது குறைச்சல். நாம கேட்டதைத்தான் அது செஞ்சுக்கிட்டு இருக்கும். என்ன கேட்டோம்னுதான் நமக்குத் தெரியாது! இந்த வாரம் அதுக்கு நான்தான் வக்கீல். சிவில், மெக்கானிக்கல் மக்களே, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கடைசியில உயிர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு.

தள்ளு வண்டி தத்துவம்

எஸ்.சி.ஆர்., அதாவது தைரிஸ்டர், 1957-ல அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் உருவானது. மூணு கால். ஆனோடு, கேத்தோடு, கேட். ஆனோடு பாசிட்டிவா இருக்கும்போது கேட்ல ஒரு குட்டி கரன்ட் குடுத்தா ஆன் ஆகும். ஆன் ஆன பிறகு கேட்டை எடுத்துட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். இது எல்லா புக்லயும் இருக்கு. ஆனா, நடுவுல ஒரு கண்டிஷனை நாம சாய்ஸ்ல விட்டுடறோம்.

ஸ்டார்ட் ஆகாத வேனைத் தள்ளியிருக்கீங்களா? நாலு பேர் பின்னாடி நின்னு 'ஏலேலோ' போடணும். இன்ஜின் பிடிக்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. பாதியில விட்டா ரெண்டு இருமல் இருமிட்டு வண்டி நின்னுடும். பிடிச்சிடுச்சுன்னா தள்றவங்க தேவையில்லை. வண்டியை நிறுத்தணும்னாலும் அவங்களால முடியாது!

கேட்தான் பின்னாடி தள்ற ஆளுங்க. இன்ஜின் பிடிக்கிறதுக்குத் தேவையான அளவுக்கு ஆனோடு கரன்ட் ஏறணும். அதுக்குப் பேர் லாச்சிங் கரன்ட். ஓடுற வண்டி ஐடிலிங்ல அணையாம இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேணுமில்லையா? அது ஹோல்டிங் கரன்ட். லாச்சிங் எப்பவும் ஹோல்டிங்கைவிட ஜாஸ்தி.

நம்ம லேப்கள்ல சகஜமா நடமாடுற பி.டி.151-ஐ எடுத்துக்கங்க. அதோட டேட்டா ஷீட்ல லாச்சிங் கரன்ட் வழக்கமா 10 மில்லிஆம்பியர், அதிகபட்சம் 40. ஹோல்டிங் வழக்கமா 7, அதிகபட்சம் 20. இந்த நாலு நம்பரை உள்ளங்கையில எழுதி வெச்சுக்கங்க. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிடும்.

பொய் சாட்சி எல்.ஈ.டி.

முதல்ல, எஸ்.சி.ஆர். நல்லதா கெட்டதான்னு எப்படிப் பார்க்கிறோம்? 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி., ஒரு 1 கிலோ ஓம். கேட்டைத் தொட்டா எரியுது, எடுத்தா அணையுது. 'லாச் ஆகலை மச்சி, தூக்கிப் போடு!'

அவசரப்படாதீங்க. கணக்குப் போடுங்க. 9 வோல்ட்ல எல்.ஈ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கும், எஸ்.சி.ஆர். 1 வோல்ட். மிச்சம் 6 வோல்ட். 1 கிலோ ஓம்ல அது 6 மில்லிஆம்பியர். லாச் ஆகவே 10 வேணும்ங்கிறவன்கிட்ட 6 குடுத்துட்டு வேலை செய்யலைன்னு சொன்னா எப்படி பாஸ்?

சரியான டெஸ்ட் இதுதான். 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டர்ல இருக்கிற 10 வாட் பல்பு. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து பல்பு வழியா ஆனோடு, கேத்தோடு நெகட்டிவ்ல. கேட்டுக்கு 470 ஓம் வழியா ஒரு தொடல். பல்பு எரியணும். கேட்டை எடுத்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். பேட்டரியை ஒரு தடவை கழற்றி மாட்டினா அணைஞ்சே இருக்கணும். மூணும் நடந்தா ஆள் நிரபராதி. கேட்டைத் தொடாமலே எரிஞ்சா மட்டும்தான் ஷார்ட். அப்போ தாராளமா அண்ணாகிட்ட டப்பாவைத் திறக்கச் சொல்லுங்க.

லோடுதான் வில்லன்

இப்போ சர்க்யூட்டுக்கு வருவோம். சிங்கிள் ஃபேஸ் பிரிட்ஜ், 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். உச்ச வோல்ட்டேஜ் 34. லோடா பலர் மாட்டறது கையில கிடைச்ச 1 கிலோ ஓம்.

பிரிட்ஜ்ல ரெண்டு டிவைஸ் சேர்ந்து 2 வோல்ட்டை விழுங்கிடும். உச்சத்துல கிடைக்கிற கரன்டே 32 மில்லிஆம்பியர்தான். ஃபயரிங் ஆங்கிளை 150 டிகிரிக்குத் தள்ளினா அந்த இடத்துல வோல்ட்டேஜ் 17, கரன்ட் வெறும் 15. டேட்டா ஷீட் 10-ல இருந்து 40 வரைக்கும்னு சொல்றதால, ஒரு எஸ்.சி.ஆர். லாச் ஆகும், அதே டப்பாவுல இருந்து வந்த அதோட தம்பி ஆகாது. 'பக்கத்து பேட்ச் கிட்ல வருது, எங்க கிட்ல மட்டும் வரலை'ங்கிற ஒப்பாரிக்குப் பல நேரம் காரணம் இதுதான். லாச் ஆகாதது கேட் பல்ஸ் இருக்கிற நேரம் மட்டும் ஆன் ஆகி, சி.ஆர்.ஓ.வுல ஒரு ஊசி மாதிரி தெரியும். லாச் ஆனதும்கூட, கரன்ட் ஹோல்டிங்குக்குக் கீழ போனதும் சைன் வேவ் ஜீரோவைத் தொடறதுக்கு முன்னாடியே வாலை அறுத்துக்கும்.

மருந்து ரொம்ப சிம்பிள். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு. உச்சத்துல 300 மில்லிஆம்பியருக்கு மேல ஓடும். 150 டிகிரியில்கூட 150 வரும். அதுல சூடு கிட்டத்தட்ட 6 வாட், அதனாலதான் 10 வாட். கால் வாட் ரெசிஸ்டரை மாட்டி லேப்புக்கே சாம்பிராணி போட்டுடாதீங்க!

காயில் வந்தா கதை மாறும்

ரெசிஸ்டருக்கு வேலை செஞ்ச சர்க்யூட், மோட்டாரையோ பெரிய இண்டக்டரையோ மாட்டினதும் மக்கர் பண்ணும். ஏன்? காயில்ல கரன்ட் டக்குனு ஏறாது. சுமையை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில போற லாரி மாதிரி மெதுவாத்தான் ஏறும்.

அரை ஹென்றி காயில், 90 டிகிரியில ஃபயரிங்னு வெச்சுக்கங்க. கரன்ட் ஒரு மில்லிசெகண்டுக்கு 65 மில்லிஆம்பியர் கணக்குல ஏறும். 40-ஐத் தொட 0.6 மில்லிசெகண்ட் வேணும். உங்க கேட் பல்ஸ் 100 மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சா? அதுக்குள்ள 7 மில்லிஆம்பியர்கூட ஏறியிருக்காது. இன்ஜின் பிடிக்கிறதுக்குள்ள தள்றவங்க டீக்கடைக்குப் போயிட்டாங்க!

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பல்ஸை நீட்டறது. பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா ஒரே நீளப் பல்ஸை அது தாங்காது, சாச்சுரேட் ஆகிடும். அதனாலதான் குட்டிக் குட்டிப் பல்ஸா வரிசையா அனுப்பறாங்க. ரெண்டாவது, காயிலுக்குப் பேரலலா ஒரு 330 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். காயில்ல கரன்ட் ஏறுற வரைக்கும் இந்த ரெசிஸ்டர் லாச்சிங் கரன்டைக் குடுத்து எஸ்.சி.ஆரைத் தாங்கிப் பிடிச்சுக்கும்.

டி.சி. மோட்டார்னா இன்னொரு சிக்கல். ஓடுற மோட்டாருக்குன்னு ஒரு பேக் ஈ.எம்.எஃப். இருக்கு. சப்ளை அதைத் தாண்டினாத்தான் ஆனோடு பாசிட்டிவ் ஆகும். தாண்டறதுக்கு முன்னாடி ஒரு குட்டிப் பல்ஸ் அடிச்சா அது செவிடன் காதுல ஊதின சங்கு.

சாக்கெட் மாறினா சங்கதி மாறும்

எங்க மாடல் பிராக்டிகல் சமயத்துல, பக்கத்து டேபிள் பேட்ச் மூணு எஸ்.சி.ஆர். மாத்திட்டாங்க. நாப்பைத் திருப்பினா பல்பு மங்கலா எரியுது. இன்னும் திருப்பினா அணையுது. இன்னும் கொஞ்சம் திருப்பினா திடீர்னு ஃபுல்லா எரியுது! பேய் பிடிச்ச கிட்டுனு முடிவு பண்ணிட்டாங்க. கடைசியில லேப் அண்ணா வந்தார். சர்க்யூட்டைத் தொடவே இல்லை. ட்ரிக்கர் கிட்டோட பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சொருகியிருந்த அதே போர்டுல சொருகினார். பேய் ஓடிப் போச்சு.

என்ன நடந்தது? சுவத்துல ரெண்டு போர்டு. ஒண்ணு ஆர் ஃபேஸ், இன்னொண்ணு ஒய் ஃபேஸ். ரெண்டுக்கும் 120 டிகிரி வித்தியாசம். இவங்க ஜீரோன்னு நினைச்சது நிஜத்துல 120. இவங்க 60-ஐ நெருங்கும்போது நிஜத்துல 180, அதாவது இருட்டு. 60-ஐத் தாண்டினதும் அந்தப் பல்ஸ் அடுத்த அரைச் சுற்றோட ஆரம்பத்துல போய் விழும். பல்பு பளிச்! மூணு எஸ்.சி.ஆரும் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு.

இதே குடும்பத்துல இன்னொரு கேஸ். 2என்2646 யு.ஜே.டி. ட்ரிக்கர் சர்க்யூட்ல ஜீனர் டயோடு பக்கத்துல ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்காது. டயக்ராம்ல விட்டுப் போச்சுனு நினைச்சு, யாராவது ஒரு புத்திசாலி 470 மைக்ரோஃபாரட் ஒண்ணை மாட்டி விடுவாங்க. அவ்வளவுதான், பல்பு திருவிழா சீரியல் லைட் மாதிரி சிமிட்டும். ஒவ்வொரு ஜீரோ கிராஸிங்லயும் அந்த சப்ளை விழுந்தாத்தான் யு.ஜே.டி. கெப்பாசிட்டர் காலியாகி, முதல்ல இருந்து எண்ண ஆரம்பிக்கும். 50 ஹெர்ட்ஸ்ல அரைச் சுற்று 10 மில்லிசெகண்ட். 1 மில்லிசெகண்ட்னா 18 டிகிரி. ஃபில்டர் போட்டா ஸ்டார்ட்டிங் விசில் இல்லாத ஓட்டப்பந்தயம்!

மீட்டரும் சரி, ஃபார்முலாதான் தப்பு

ஃபுல் கன்வெர்ட்டர், 90 டிகிரி. புக் ஃபார்முலா ஜீரோ வோல்ட் வரணும்னு சொல்லுது. மீட்டர் சுமார் 11 காட்டுது. உடனே யார் மேல பழி? நம்மாளு மேலதான்.

அந்த ஜீரோ, பெரிய இண்டக்டர் போட்டு கரன்ட் அறுபடாம ஓடும்போது. வெறும் ரெசிஸ்டர்ல வோல்ட்டேஜ் நெகட்டிவுக்குப் போகாது. அதனால உச்ச வோல்ட்டேஜை பையால வகுத்து, 1 கூட்டல் காஸ் ஆல்ஃபாவால பெருக்கணும். 34-க்கு 10.8 வரும். மீட்டர் உண்மைதான் சொல்லியிருக்கு. அதே இடத்துல 5.4 காட்டினா மட்டும் சந்தேகப்படுங்க. ஒரு ஜோடி ஃபயர் ஆகலை. சி.ஆர்.ஓ.வுல ஒண்ணு விட்டு ஒண்ணு காணாமப் போயிருக்கும். அப்பவும் முதல் சந்தேகம் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் மேல. தலைகீழா மாட்டினா கேட்டுக்கு நெகட்டிவ் பல்ஸ் போகும்.

பிடுங்கினாலும் நிக்கலையா?

கேட் ஒயரையே பிடுங்கியாச்சு, மோட்டார் இன்னும் சுத்துது! பயப்படாதீங்க. ரெண்டு எஸ்.சி.ஆர்., ரெண்டு டயோடு இருக்கிற செமி கன்வெர்ட்டர்ல இது நடக்கும். காயில்ல கரன்ட் ஜீரோவுக்கு வராததால, கடைசியா ஆன் ஆன எஸ்.சி.ஆர். ஆஃப் ஆகவே இல்லை. அடுத்த பாசிட்டிவ் பாதி வந்ததும் அழைப்பிதழ் இல்லாமலே பந்தியில உட்கார்ந்துடும். ஒரு பாதி ஃபுல்லா, ஒரு பாதி ஜீரோ. புக்ல இதுக்கு ஹாஃப் வேவிங்னு பேர். லோடுக்குக் குறுக்கே ஒரு ஃப்ரீவீலிங் டயோடு போட்டா காயில் கரன்ட் அந்த வழியா சுத்திக்கும். எஸ்.சி.ஆருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இனிமே அண்ணாவைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, இந்த வரிசையில கேளுங்க:

1. டிரான்ஸ்ஃபார்மரும் ட்ரிக்கர் கிட்டும் ஒரே ஃபேஸ்லயா?
2. பல்ஸ் வரும்போது ஆனோடு பாசிட்டிவ்ல இருக்கா?
3. கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல பல்ஸ் நேரா வருதா? எவ்வளவு நேரம் இருக்கு?
4. அந்த நேரத்துக்குள்ள லோடு லாச்சிங் கரன்டைக் குடுக்குமா?
5. ஆஃப் ஆகற அளவுக்குக் கரன்ட் கீழ வருதா?

அஞ்சுக்கும் பதில் 'ஆமா'ன்னு வந்த பிறகுதான் எஸ்.சி.ஆரைச் சந்தேகப்படணும்.

இது விளையாட்டில்லை

ஆரம்பத்துல சொன்ன உயிர் சமாச்சாரத்துக்கு வந்துட்டோம். இங்க மட்டும் ஜோக் கிடையாது.

உங்க லேப் சி.ஆர்.ஓ.வோட பிளக்கைத் திருப்பிப் பாருங்க. மூணாவது பின், அந்தப் பெரிய எர்த் பின், இருக்கா? சில லேப்கள்ல உடைச்சு எடுத்திருப்பாங்க. காரணம் உண்டு. சி.ஆர்.ஓ. புரோபோட கிளிப் உள்ளுக்குள்ள எர்த்தோட இணைஞ்சிருக்கு. 230 வோல்ட்ல நேரா ஓடுற பிரிட்ஜ்ல அந்தக் கிளிப்பை மாட்டினா எர்த் வழியா ஷார்ட் ஆகி டமால். எர்த் பின்னை எடுத்துட்டா டமால் வராது. வேவ்ஃபார்மும் ஜம்முனு தெரியும்.

ஆனா, இப்போ கிளிப் எந்த வோல்ட்டேஜ்ல இருக்கோ அதே வோல்ட்டேஜ்ல சி.ஆர்.ஓ.வோட மொத்த இரும்பு உடம்பும் இருக்கு. 230 வோல்ட் சப்ளைக்கு உச்சம் 325. நீங்க நாப்பைத் திருப்பக் கை நீட்டறீங்க. இன்னொரு கை இரும்பு டேபிள் மேல. மிச்சத்தை நான் எழுத விரும்பலை.

வேற வழி இருக்கு. எர்த் பின்னைத் தொடாம, சர்க்யூட்டுக்கு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. அப்பவும் கிளிப் ஒரே ஒரு பாயின்ட்லதான். ரெண்டு புரோபோட கிளிப்பை ரெண்டு வேற இடத்துல மாட்டினா அவை உள்ளுக்குள்ள சேர்ந்து ஷார்ட் ஆகும். இல்லைன்னா, டிஃபரென்ஷியல் புரோப் கேளுங்க. அதுவும் இல்லையா? 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்லயே எக்ஸ்பெரிமென்ட்டை முடிங்க. எஸ்.சி.ஆர். அதுலயும் அதே குணத்தைத்தான் காட்டும். எர்த் பின் இல்லாத சி.ஆர்.ஓ.வைக் குடுத்தா, 'இதை மாத்தித் தாங்கண்ணா'ன்னு கேட்க வெட்கப்படாதீங்க. எஸ்.சி.ஆரை மாத்தச் சொல்லி நாலு தடவை கேட்கிற நாம, இதை ஒரு தடவை கேட்கலாம்.

மாஸ்ஃபெட் காலத்துல இது எதுக்கு?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல மாஸ்ஃபெட், கார்ல ஐ.ஜி.பி.டி.ன்னு உலகம் எங்கேயோ போயிடுச்சு, இன்னும் எதுக்கு இந்தத் தாத்தா டிவைஸ்னு தோணும். சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து நம்ம புகளூருக்கு சுமார் 1,800 கிலோமீட்டர் தூரம் 800 கிலோவோல்ட் டி.சி. லைன் ஒண்ணு வருது. 2020-21-ல செயல்பாட்டுக்கு வந்தது. திறன் 6,000 மெகாவாட். ரெண்டு முனையிலயும் ஏ.சி.யை டி.சி.யா, டி.சி.யை ஏ.சி.யா மாத்தற வேலையைச் செய்யறது இந்தத் தாத்தாவோட பெரிய சைஸ் பேரப்பிள்ளைங்கதான். அங்கேயும் அதே சட்டம். ஒரு தைரிஸ்டர் முழுசா ஆஃப் ஆக நேரம் கிடைக்காம மறுபடி பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வந்தா, கேட் சொல்லாமலே அது ஆன் ஆகிடும். கம்யூட்டேஷன் ஃபெயிலியர்னு அதுக்குப் பேர். அங்க டப்பாவைத் திறந்து வேற ஒண்ணு எடுத்துக் குடுக்க அண்ணா கிடையாது!

ஸோ, அடுத்த லேப்ல வேவ்ஃபார்ம் வாலறுந்து வந்தா, சீனியர் ரெக்கார்டைத் தேடாதீங்க. வந்ததை அப்படியே வரைங்க. பக்கத்துல ஏன் அப்படி வந்ததுன்னு நாலு வரி எழுதுங்க. 'லோடு கரன்ட் 15 மில்லிஆம்பியர், லாச்சிங்குக்குப் போதலை.' வைவால எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்துல விரலை வெச்சார்னா, உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்கும். காப்பியடிச்ச அழகான வேவ்ஃபார்மைக் காட்டி 'இது ஏன் இப்படி இருக்கு?'ன்னு கேட்டார்னா, அதுக்குப் பதில் சீனியர்கிட்டதான் இருக்கும். அவர் பாஸாகிப் போயிட்டார்.

வக்கீல் வாதம் முடிஞ்சது. ஃபீஸா ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு லேப்புக்குப் போனதும் முதல் வேலையா அந்த பிளக்கைத் திருப்பிப் பாருங்க.

வர்ட்டா!